அத்தியாயம் 7: புல எண் தேதியாக மாறாமல் பட்டியல் போடுவது எப்படி?

சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்புப் பதிவு, பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, மகளிர் குழுவின் தவணைக் கணக்கு, வாழைத்தாருக்கான பட்டுவாடா என்று மோகனூர் வட்டாரத்தில் எத்தனையோ பட்டியல்கள். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எக்செல்லில் தட்டுகிறார். அந்த ஒருவர் நீங்கள் என்றால், கணினியைத் திறந்து வைத்துக்கொண்டே இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். செய்து பார்த்தால்தான் கைக்கு வரும்.

வைரஸ் பற்றியோ திருட்டு பற்றியோ இங்கே பேசப்போவதில்லை. நீங்கள் சரியாகத் தட்டியதை மென்பொருளே மாற்றிவிடுகிறதே, அதைத்தான் பார்க்கப்போகிறோம். உதவி என்று நினைத்து மாற்றுகிறது. மாற்றியதை உங்களிடம் சொல்வதில்லை. ஆபத்து முழுக்க இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு கட்டங்களில் இவற்றைத் தட்டி என்டர் அடியுங்கள்.

1. 12/3
2. 3/45
3. 004512
4. 7-இல் முடியும் ஏதாவது ஒரு 16 இலக்க எண்

12/3 என்பது உங்கள் மனதில் புல எண் 12, உட்பிரிவு 3. திரையில் அது மார்ச் 12 ஆகியிருக்கும். விண்டோஸில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் டிசம்பர் 3 ஆகியிருக்கும். 3/45 என்ற கதவு எண் மார்ச் மாதத் தேதியாக நிற்கும். 004512-இல் முன்னிருந்த இரண்டு பூஜ்ஜியங்களும் போயிருக்கும். 16 இலக்க எண் ஒரு புள்ளியும் நடுவில் ஈ என்ற ஆங்கில எழுத்துமாகச் சுருங்கித் தெரியும். அந்தக் கட்டத்தைச் சொடுக்கி மேலே உள்ள பட்டையில் பாருங்கள். கடைசி 7 இருந்த இடத்தில் 0 இருக்கும். எக்செல் எண்களில் 15 இலக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளும். பதினாறாவதைப் பூஜ்ஜியமாக்கிவிடும்.

இப்போது 12/3 இருந்த கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிப் பாருங்கள். 12/3 திரும்பி வராது. ஐந்து இலக்க எண் ஒன்று வரும். 2025-இல் தட்டியிருந்தால் 45728. அது 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எக்செல் எண்ணி வரும் நாள் கணக்கு. நீங்கள் தட்டிய 12/3 அந்த ஃபைலில் எங்கேயும் இல்லை.

எல்லாப் புல எண்ணும் இப்படி மாறுவதில்லை என்பதுதான் இன்னும் மோசம். 128/3 அப்படியே நிற்கும், 214/2ஏ அப்படியே நிற்கும். தேதிபோலத் தோற்றம் தரும் சிறிய எண்கள் மட்டும் மாறும். முந்நூறு வரியில் பதினைந்து வரி கெட்டுப்போனால் மேலோட்டமாகப் பார்க்கிறவர் கண்ணில் படாது.

விஞ்ஞானிகளே பெயரை மாற்றிக்கொண்ட கதை

இது படிக்காதவர் செய்யும் பிழை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரபணு ஆய்வாளர்கள் ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்று சுருக்கப் பெயர் வைத்திருந்த மரபணுக்களை எக்செல் தேதியாக்கிவிட்டது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் கண்டது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, மென்பொருளுக்காக அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது.

மரபணுவுக்குப் புதுப் பெயர் வைத்துக்கொள்ளலாம். மோகனூரின் புல எண்ணை மாற்ற முடியாது. அது பட்டாவிலும் புலப்படத்திலும் கிரயப் பத்திரத்திலும் இருக்கிறது. ஆகவே நம் பட்டியலைத்தான் காக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 2023-இல் ‘தானாக மாற்றாதே’ என்று சொல்லும் சில தேர்வுகளைக் கொடுத்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் இருக்கும். முன் பூஜ்ஜியத்தையும் நீண்ட எண்ணையும் அது காக்கும். புதிய பதிப்பு வைத்திருப்பவர்கள் அங்கே உள்ள தானியங்கி மாற்றங்களை அணைத்துவிடுங்கள். ஆனால் சாய்கோடு போட்ட 12/3-க்கு அதில் மருந்து இல்லை. பழைய பதிப்புகளில் அந்தத் தேர்வுகளே கிடையாது.

தட்டுவதற்கு முன்: ஐந்து படிகள்

1. எதை எண்ணாக வைப்பது, எதை எழுத்தாக வைப்பது என்று பிரியுங்கள். கூட்டிக் கழிக்கப்போகிற எண் மட்டும் எண். தொகை, எடை, பரப்பு, முட்டைக் கணக்கு இவை எண். புல எண், கதவு எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், ரேஷன் கார்டு எண் எல்லாம் எழுத்து. இரண்டு பேருடைய கைபேசி எண்களை யாரும் கூட்டப்போவதில்லை.

2. எழுத்தாக வைக்க வேண்டிய நெடுவரிசையின் தலைப்பில் சொடுக்கி முழு நெடுவரிசையையும் தேர்ந்தெடுங்கள். வலது சொடுக்கு, ‘ஃபார்மட் செல்ஸ்’, அதில் ‘டெக்ஸ்ட்’. இதைக் காலி நெடுவரிசையில் செய்யுங்கள். தட்டிய பிறகு செய்தால் என்ன ஆகும் என்று மேலே சோதனையில் பார்த்தீர்கள்.

3. விண்டோஸின் தேதி அமைப்பு இந்திய முறையில், அதாவது நாள், மாதம், ஆண்டு என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அமெரிக்க அமைப்பில் 12/04/2025 டிசம்பர் 4 ஆகிவிடும். 13/04/2025 பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் வெறும் எழுத்தாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதி தவறு, பாதி தேதியே இல்லை.

4. தேதியைத் தட்டும்போது மாதத்தை எண்ணால் தட்டாமல் ஆங்கில மூன்றெழுத்தால் தட்டுங்கள். 12-Apr-2025 என்கிற மாதிரி. எந்தக் கணினியிலும் குழப்பம் வராது.

5. முதல் நான்கு வரிகளில் தொல்லை தரக்கூடிய பதிவுகளைத் தட்டுங்கள். சிறிய புல எண், பூஜ்ஜியத்தில் தொடங்கும் கணக்கு எண், 16 இலக்க எண், மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் வரும் தேதி. சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். நான்கும் அப்படியே இருந்தால் மட்டும் மீதியைத் தொடருங்கள்.

*குறிப்பு:* எழுத்தாக வைத்த எண் கட்டத்தின் இடது பக்கம் ஒட்டி நிற்கும். எக்செல் எண்ணாகவோ தேதியாகவோ எடுத்துக்கொண்டது வலது பக்கம் ஒட்டும். புல எண் நெடுவரிசையை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். வலப்பக்கம் துருத்தி நிற்பதெல்லாம் கெட்டுப்போனது. இந்த ஒரு பார்வை பல மணி நேரச் சரிபார்ப்புக்குச் சமம். இதனால் நெடுவரிசையை நடுவில் நிறுத்தி அழகுபடுத்தாதீர்கள். அழகுபடுத்தினால் இந்த அடையாளம் போய்விடும்.

*கவனம்:* டெக்ஸ்ட் ஆக்கிய கட்டத்தில் எண் இருந்தால் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் வரும். அதைச் சொடுக்கினால் ‘எண்ணாக மாற்று’ என்று எக்செல் யோசனை சொல்லும். சொடுக்காதீர்கள். பிழை என்று அது காட்டுவதுதான் நீங்கள் செய்த பாதுகாப்பு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பச்சையைப் பார்த்ததும் அழித்துவிட வேண்டும் என்று துடிப்பார்கள். முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள்.

கணக்கு எண்ணும் வங்கிக் கோடும்

பணம் போகிற பட்டியலில் பெயர் தவறினால் திருத்திக்கொள்ளலாம். கணக்கு எண் தவறினால் பணம் போய்விடும். இந்தியாவில் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் கணக்கு எண்ணை வைத்தே பணம் வரவு வைக்கப்படுகிறது, பெயரை வைத்து அல்ல. பணம் பெறுபவரின் பெயரை அனுப்பும் முன்பே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. புதிதாக ஒருவருக்கு அனுப்பும்போது அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

வங்கிக் கோடு என்று நாம் சொல்லும் ஐ.எஃப்.எஸ்.சி.யில் வேறொரு பொறி. நாற்பது பேரும் ஒரே கிளைக்காரர்கள் என்றால் கோட்டை ஒரு கட்டத்தில் தட்டி, மூலையைப் பிடித்துக் கீழே இழுப்பது வழக்கம். கோடு எண்ணில் முடிவதால் எக்செல் அதைத் தொடர்வரிசை என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது ஆளுக்குக் கடைசி எண் ஒன்று கூடும், மூன்றாவது ஆளுக்கு இரண்டு. நாற்பதாவது ஆளின் கோடு எந்த ஊர்க் கிளையோ, அப்படி ஒரு கிளையே இருக்கிறதோ இல்லையோ. முதல் வரியை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும்.

செய்ய வேண்டியது:

1. கோட்டை முதல் கட்டத்தில் தட்டுங்கள்.
2. அதிலிருந்து கடைசி ஆள் வரை தேர்ந்தெடுங்கள்.
3. கண்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்துங்கள். அதே கோடு மாறாமல் எல்லோருக்கும் இறங்கும்.
4. கடைசி வரிக்குப் போய், முதல் வரியில் உள்ளதே அங்கும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

ஒரே கணக்கு எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க ‘கவுன்ட்இஃப்’ சூத்திரத்தைப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். டெக்ஸ்ட் ஆக வைத்திருந்தாலும் அது 16 இலக்க எண்களை எண்ணாக எடுத்து 15 இலக்கம் வரைதான் ஒப்பிடும். கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இருவரை ஒருவர் என்று சொல்லும். அது சொல்கிறது என்பதற்காக யாரையும் நீக்காதீர்கள். பாஸ்புக்கைப் பாருங்கள்.

ஆதார் எண் தேவையில்லாத பட்டியலில் ஆதார் எண்ணை வைக்காதீர்கள். அடையாளத்துக்குக் கடைசி நான்கு இலக்கம் போதும்.

வரிசைப்படுத்தும்போது

அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் பெயர்கள் மட்டும் இடம் மாறி, தொகைகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும் விபத்து எல்லா ஊரிலும் நடக்கிறது. நீங்கள் பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கட்டுமா என்று எக்செல் ஒரு கேள்வி கேட்கும். அங்கே சேர்த்துக்கொள் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

ஆனால் அந்தக் கேள்வி வராத சமயமும் உண்டு. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு காலி நெடுவரிசை விட்டிருப்பீர்கள். எக்செல் அதை எல்லைக் கோடாக எடுத்துக்கொள்ளும். இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் வேறொரு பட்டியல் என்று நினைத்து, ஒரு பக்கத்தை மட்டும் கலைத்துப்போடும். முருகேசனின் கணக்கு எண் பழனியம்மாள் பெயருக்கு நேராக நிற்கும். மொத்தத் தொகை மாறாததால் கூட்டிப் பார்த்தாலும் தெரியாது.

பட்டியலுக்குள் காலி நெடுவரிசையோ காலி வரியோ வேண்டாம். முதல் நெடுவரிசையில் 1, 2, 3 என்று வரிசை எண் தட்டிவையுங்கள். என்ன கலைந்தாலும் அதை வைத்துப் பழைய ஒழுங்குக்குத் திரும்பலாம். வடிகட்டி போட்டு சில வரிகளை மறைத்திருக்கும்போது நீண்ட பட்டியல் எதையும் ஒட்டாதீர்கள். மறைந்திருக்கும் வரிகளிலும் அது போய் உட்காரும்.

ஃபைலைத் திறக்கும்போதும் அனுப்பும்போதும்

வங்கியிலிருந்தோ அரசு இணையதளத்திலிருந்தோ சி.எஸ்.வி. ஃபைல் வந்தால் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். அப்படித் திறந்ததுமே எக்செல் தன் கணிப்பில் மாற்றிவிடும். எதையும் தொடாமல் சேமித்தால்கூட மாறியதுதான் சேமிக்கப்படும். ‘டேட்டா’ பட்டியில் ‘டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.யிலிருந்து’ என்பதைச் சொடுக்கி, எழுத்தாக வேண்டிய நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று குறித்துக் கொண்டுவாருங்கள். வந்த மூல ஃபைலைத் தனிக் கோப்புறையில் தொடாமல் வையுங்கள்.

சி.எஸ்.வி. ஆகச் சேமிக்கும்போது, திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே எழுதப்படும். 12 இலக்க எண் சுருங்கித் தெரிந்தால் சுருங்கியதுதான் ஃபைலில் போகும். அசல் ஃபைலில் எண் பத்திரமாக இருக்கலாம். அனுப்பியதில் இருக்காது.

பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தை இனிமேல் விட்டுவிடுங்கள். ஒரு ஷீட்டில் 65,536 வரிகள்தான் அதில் கொள்ளும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை அந்த வடிவத்தைப் பயன்படுத்தி, வரி தீர்ந்துபோனது தெரியாமல் 15,841 கொரோனா நோயாளிகளைக் கணக்கில் விட்டுவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் தாமதமானது.

தமிழ்ப் பெயர்கள்

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பட்டியல் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. புதிதாகத் தட்டுவதை யூனிகோடில் மட்டும் தட்டுங்கள்.

யூனிகோடிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. சௌந்தரம் என்ற பெயரில் வரும் ஔகாரக் குறியை ஒரே எழுத்தாகத் தட்டலாம். ஒற்றைக் கொம்பும் ள என்ற எழுத்தும் போட்டு செளந்தரம் என்றும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு ஆட்கள். தேடினால் ஒருவர் கிடைப்பார், மற்றவர் கிடைக்க மாட்டார். ஒரே சௌந்தரம் வாங்கிய கடன் ஓரிடத்திலும் கட்டிய தவணை வேறிடத்திலும் நிற்கும். ஆகவே பெயரை வைத்து எதையும் பொருத்தாதீர்கள். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓர் எண் கொடுத்து, அதை வைத்துப் பொருத்துங்கள்.

பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டியதும் மேலே ஏற்கெனவே உள்ள பெயரை எக்செல் தானாக நிரப்பிக் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஆப்ஷன்ஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் இருக்கிறது. பழனி என்று தட்டி என்டர் அடித்தால் பழனிசாமி விழுகிற ஊர் நம்முடையது.

கேள்விப் பெட்டி வந்தால்

2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டி பேங்க், ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்காக ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டி மட்டும் செலுத்த வேண்டியிருந்தது. போனதோ 89 கோடி டாலருக்கும் மேல். வங்கி பயன்படுத்தியது ஃப்ளெக்ஸ்கியூப் என்ற மென்பொருள். அதன் திரையில் அசல் தொகை வெளியே போகாமல் தடுக்க மூன்று பெட்டிகளிலும் விவரம் நிரப்ப வேண்டும். ஒன்று போதும் என்று இந்தியாவிலிருந்து வேலை பார்த்த ஊழியர் நினைத்தார். சரிபார்த்தவரும் அப்படியே நினைத்தார். ஒப்புதல் கொடுத்த மூன்றாமவரும் அப்படியே. திரையில் எச்சரிக்கை வந்தது. பணம் வெளியே போகப்போகிறது என்று மட்டும் சொன்னது, எவ்வளவு என்று சொல்லவில்லை. ஒரு பகுதி திரும்பி வந்தது. மீதி ஏறத்தாழ 50 கோடி டாலருக்கு நடந்த வழக்கில் 2021-இல் சிட்டி தோற்றது, 2022-இல் மேல்முறையீட்டில் வென்றது.

மூன்று பேர் பார்த்தும் தவறியது அவர்களுடைய கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். திரை தெளிவாக இல்லை. நம் கையில் உள்ள திரைகளும் அப்படித்தான், ஆகவே:

1. பெட்டி வந்தால் சுட்டியிலிருந்து கையை எடுங்கள். முழுவதும் படியுங்கள்.
2. புரியவில்லை என்றால் ‘ஓகே’ வேண்டாம், ‘கேன்சல்’ அடியுங்கள்.
3. பென் டிரைவைச் செருகியதும் ‘பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருப்பது அழியும். வெளியே எடுத்து வேறு கணினியில் போட்டுப் பாருங்கள்.
4. சரிபார்ப்பவர் அதே திரையைப் பார்க்கக் கூடாது. அவர் கையில் காகிதம் இருக்க வேண்டும், பட்டாவோ பாஸ்புக்கோ எடை ரசீதோ.

பலர் கைவைக்கும் பட்டியல்

கூகுள் ஷீட்டை வாட்ஸ்அப் குழுவில் பகிரும்போது ‘பார்க்க மட்டும்’ என்று கொடுங்கள். திருத்தும் உரிமை கொடுத்தால், கைபேசியில் விரல் பட்டாலே ஓர் எண் மாறி, உடனே சேமிக்கப்பட்டுவிடும். ‘சேமிக்கட்டுமா’ என்ற கேள்வி அதில் கிடையாது. ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் பழைய நிலையைத் திரும்ப எடுக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

உங்கள் லாகினை யாருக்கும் தராதீர்கள். 2020-இல் தமிழ்நாட்டில் பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் அவர்களுக்குப் போனது. அலுவலர்களின் லாகினும் பாஸ்வேர்டும் வெளியாட்கள் கையில் இருந்தன.

ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால்

1. எதையும் திருத்தாதீர்கள். ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து, அதில் வேலை செய்யுங்கள்.
2. புல எண் நெடுவரிசையில் தேதியாகவோ ஐந்து இலக்க எண்ணாகவோ இருப்பவற்றுக்கு வண்ணம் போடுங்கள்.
3. ஊகித்துத் திருப்பாதீர்கள். மார்ச் 12 என்று இருப்பது 12/3 ஆகவும் இருக்கலாம், அமெரிக்க அமைப்பில் தட்டியிருந்தால் 3/12 ஆகவும் இருக்கலாம். அவை இரண்டும் வெவ்வேறு நிலங்கள்.
4. பட்டாவைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். யார் திருத்தினார், எந்தத் தேதியில் என்று பக்கத்தில் குறியுங்கள்.
5. கெட்ட பட்டியல் வங்கிக்கோ ஆலைக்கோ காப்பீட்டு அலுவலகத்துக்கோ ஏற்கெனவே போயிருந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். தவறான புல எண்ணோடு காப்பீடு பதிவானது இழப்பீடு கேட்கும் நாளில் தெரியவந்தால், அலையப்போவது விவசாயி.

உங்கள் கணினியில் இருக்கும் பழைய பட்டியல்களில் ஒன்றை இப்போதே திறந்து, புல எண் நெடுவரிசையில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும் கட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அடுத்த பட்டியலை அனுப்புமுன் அதைச் சரிசெய்யுங்கள்.